பிள்ளைகளின் செல்போனும் பெற்றோர் கடமையும்

நமது சங்கக் கூட்டங்களில் நூல் விலையைப் பற்றிப் பேசுகிறோம். கூலி உயர்வு, சரக்குத் தேக்கம், தள்ளுபடிப் பாக்கி, பயிர்க்கடன், உரத் தட்டுப்பாடு ஆகியவற்றைப் பற்றியும் மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். அவை விவாதிக்கத்தக்கவையே. ஆயினும், தறியினும் நிலத்தினும் மேலான செல்வமாக நாம் கருதும் குழந்தைகளைச் சூழ்ந்திருக்கும் ஓர் ஆபத்தைப் பற்றி நம் கூட்டங்களில் ஒரு வார்த்தைகூட எழுவதில்லை. அது அவரவர் வீட்டு விஷயம் என்று விட்டுவிடுகிறோம். அவ்வாறு விட்டுவிடுவது சரியன்று என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

செல்போன் நம் வீடுகளுக்குள் நுழைந்த விதத்தை முதலில் நினைவுகூர்வோம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் தொலைக்காட்சி வழியாகவும் செல்போன் வழியாகவும் வரலாயின. அதுவரை பொத்தான் வைத்த சாதாரணப் போனே போதுமென்றிருந்த நெசவாளரும் விவசாயியும், பிள்ளையின் படிப்பு கெடக்கூடாதே என்று, கடன் வாங்கியேனும் பெரிய திரை வைத்த செல்போனை வாங்கினர். 2021 செப்டம்பரில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளும், நவம்பரில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளும் திறக்கப்பட்டன. பிள்ளை பள்ளிக்குத் திரும்பியது. செல்போன் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அதன் பயன்களை நாம் மறுக்கவில்லை. செல்லூரிலும் நிலையூர்க் கைத்தறி நகரிலும் சேலையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஆர்டர் பிடிக்கிறோம். சுங்குடிக்கு முடிச்சுப் போடும் பெண்மணி கூலியைச் செல்போனிலேயே பெறுகிறார். மல்லிகை விவசாயி மாட்டுத்தாவணிக்குப் புறப்படுமுன் அன்றைய விலையைக் கேட்டறிகிறார். பள்ளி ஆசிரியர் வீட்டுப்பாடத்தை அதிலேயே அனுப்புகிறார். ஆகவே, செல்போனைத் தூக்கி எறியுங்கள் என்று உபதேசிப்பதில் பிரயோஜனம் இல்லை. ஆனால் நம் வாழ்க்கை முறையில் ஒரு சிறப்பான இடர் உண்டு. பூ பறிக்கும் பெற்றோர் விடியுமுன்னரே தோட்டத்திற்குப் போய்விடுகின்றனர். தறி நெய்யும் பெற்றோர் வீட்டிலேயே இருந்தும், தறிச் சத்தத்திற்கு நடுவே அடுத்த அறையில் பிள்ளை யாருடன் பேசுகிறது என்பதை அறியமாட்டார். இரவில் களைத்து உறங்கும் நேரமோ பிள்ளைக்கு முழுச் சுதந்திரம். ஒரே செல்போனை வீடே பயன்படுத்துவதால், தகப்பனின் வங்கிக் கணக்கும், தாயின் புகைப்படங்களும், மகளின் பாடமும், மகனின் விளையாட்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

மதுரை கண்ட இரண்டு வழக்குகள்

பிள்ளைகளுக்கு ஆபத்து என்றவுடன், ஏதேனும் ஒரு செயலியின் பெயரைச் சொல்லி அதைத் தடை செய்துவிட்டால் போதும் என்று எண்ணுவது நம் வழக்கம். இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்க நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. நம் மதுரையிலேயே அதற்குரிய பாடங்கள் கிடைக்கின்றன.

2017 ஆகஸ்டு மாத இறுதியில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் உயிர் துறந்தார். ‘புளூ வேல்’ அதாவது நீலத் திமிங்கிலம் என்ற இணைய விளையாட்டே காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே முன்வந்து இவ்விஷயத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பெற்றோர் பெரிதும் அஞ்சினர். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் இத்தகைய செய்திகள் வரவே, மத்திய அரசாங்கம் நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. அக்குழு ஆராய்ந்த சம்பவங்களில் எதிலும் அவ்விளையாட்டின் தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2018 ஜனவரியில் அரசாங்கம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அப்படியானால் பிள்ளைகளின் துயரம் பொய்யா? அன்று. துயரம் மெய். அத்துயரத்திற்கு நாம் சூட்டிய பெயர்தான் நிரூபணமாகவில்லை. திமிங்கிலத்தைத் தேடிய அவசரத்தில், மனம் உடைந்த ஒரு பிள்ளை யாரிடமும் வாய் திறக்க இயலாமல் ஏன் தனித்திருக்கிறது என்ற கேள்வியைப் பலரும் கேட்கவில்லை.

இரண்டாவது, டிக்டாக் வழக்கு. சிறுவர் சிறுமியர் தகாத வகையில் காட்டப்படுகின்றனர், அந்நியர்கள் அவர்களை அணுக வழி ஏற்படுகிறது என்று மதுரை வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த வழக்கில், அச்செயலியைப் பதிவிறக்கம் செய்வதைத் தடுக்குமாறு 2019 ஏப்ரல் 3-ஆம் தேதி மதுரைக் கிளை உத்தரவிட்டது. அம்மாத நடுவில் கூகிள், ஆப்பிள் ஆகிய இரு நிறுவனங்களின் கடைகளிலிருந்தும் அது நீக்கப்பட்டது. ஏப்ரல் 24-ஆம் தேதி, நிபந்தனைகளுடன் தடை விலக்கப்பட்டது. பின்னர் 2020 ஜூன் 29-ஆம் தேதி, நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, மத்திய அரசாங்கம் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அடுத்து நிகழ்ந்தது யாது? சில நாட்களிலேயே, ஜூலை மாதத்தில், இன்ஸ்டாகிராமில் ‘ரீல்ஸ்’ வந்தது. செப்டம்பரில் யூடியூபில் ‘ஷார்ட்ஸ்’ வந்தது. ஒரு கடைக்குப் பூட்டுப் போட்டால் அதே சரக்கு அடுத்த கடையில் விற்பனைக்கு வந்துவிடுகிறது.

இவ்விரு வழக்குகளாலும் நாம் தெளிய வேண்டியது, நீதிமன்றம் தலையிட்டது வீண் என்பதன்று. இவ்விஷயத்தை நாடறியச் செய்ததில் மதுரைக் கிளைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் செயலியின் பெயர் ஆண்டுதோறும் மாறும். மாறாமல் இருப்பது பிள்ளையின் தனிமையும், அத்தனிமையைப் பயன்படுத்திக்கொள்ளும் அந்நியனின் தந்திரமுமே ஆகும். பாதுகாப்பையும் அந்த இடத்தில்தான் தேட வேண்டும்.

அந்நியனின் மூலதனம்

அத்தந்திரம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியம். விளையாட்டுச் செயலியிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒருவன் அறிமுகமாகிறான். பிள்ளையின் வயதையொத்தவன் போலவும், பல சமயம் ஓர் அழகிய பெண்ணைப் போலவும் வேடம் பூணுகிறான். முதலில் புகழ்ச்சி. பிறகு, நம் பேச்சு நமக்குள் இருக்கட்டும் என்ற வேண்டுகோள். அடுத்து, பலர் பார்க்கும் இடத்திலிருந்து வாட்ஸ்அப் போன்ற தனிப்பட்ட இடத்திற்கு அழைப்பு. அங்கே ஒரு படத்தைக் கேட்கிறான், அல்லது வீடியோ அழைப்பில் வரச் சொல்லி அதைப் பதிவு செய்துகொள்கிறான். படம் கைக்கு வந்தவுடன் முகம் மாறுகிறது. ‘பணம் அனுப்பு, இல்லையேல் இதை உன் தகப்பனுக்கும் பள்ளிக்கும் அனுப்புவேன்’ என்று மிரட்டுகிறான். பணம் கொடுத்தால் மேலும் கேட்கிறான். சிலர் பணத்திற்குப் பதிலாக மேலும் படங்களைக் கேட்கின்றனர். இக்காலத்தில், எந்தப் படமும் அனுப்பாத பிள்ளையின் முகத்தையும் வேறு உடலோடு இயந்திர அறிவின் உதவியால் ஒட்டி மிரட்ட முடிகிறது. ஆகையால், ஒழுக்கமான பிள்ளைக்கு இது நேராது என்று எந்த வீடும் நிம்மதி கொள்ள இயலாது.

இவ்வியாபாரத்தில் மிரட்டுகிறவனின் மூலதனம் யாது? படம் அன்று. ‘இது வீட்டுக்குத் தெரிந்தால் என் கதி என்ன?’ என்று பிள்ளையின் நெஞ்சில் எழும் அச்சமே அவன் மூலதனம். அம்மூலதனத்தை அவனுக்கு வழங்கியவர் யார்? வருத்தத்துடன் கூறுகிறேன், நாமேதான்.

கூட்டுறவு இயக்கத்தினராகிய நமக்கு இது விளங்காத விஷயமன்று. கந்துவட்டிக்காரனின் பலம் எதில் இருந்தது? அவன் பணப்பெட்டியில் பாதி, கடனாளியின் வெட்கத்தில் மறுபாதி. கடன் வாங்கியது அண்டை வீட்டாருக்கும் உறவினருக்கும் தெரிந்துவிடக்கூடாது என்று நெசவாளன் மறைத்தான். மறைத்த காரணத்தாலேயே கேட்ட வட்டியைக் கொடுத்தான். சங்கம் வந்து, கடனைக் கணக்குப் புத்தகத்தில் வெளிப்படையாக எழுதி, அதில் வெட்கப்பட ஏதுமில்லை என்று ஆக்கியபோதுதான் அவன் கழுத்திலிருந்த கயிறு தளர்ந்தது. இன்று நம் பிள்ளைகளுக்கு வேறொரு கந்துவட்டிக்காரன் வந்திருக்கிறான். அவன் பலமும் இரகசியத்தில்தான் இருக்கிறது. இரகசியம் உடைந்தால் அவன் வியாபாரம் படுத்துவிடும்.

பிள்ளை ஏன் சொல்வதில்லை?

நம் பகுதி வீடுகளில் நடப்பதை மனச்சாட்சியோடு எண்ணிப் பார்ப்போம். ஒரு பெண் குழந்தை தனக்கு யாரோ தகாத செய்தி அனுப்பியதாகக் கூறினால் என்ன நேர்கிறது? முதலில் செல்போன் பறிக்கப்படுகிறது. அடுத்து, ‘நீ இடம் கொடுக்காமல் அவன் எப்படி அனுப்புவான்?’ என்ற கேள்வி. அதற்கடுத்துப் பள்ளியை நிறுத்தும் பேச்சும், சில இடங்களில் அவசர அவசரமாக மாப்பிள்ளை தேடும் ஏற்பாடும் நடக்கின்றன. பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதும் அச்சமயத்தில் மறந்துபோகிறது. குற்றம் செய்தவன் எங்கோ சுகமாக இருக்க, தண்டனை முழுவதும் முறையிட்ட குழந்தைக்கு! இதை ஒரு வீட்டில் பார்த்த தெருப் பெண்கள் அத்தனை பேரும் பாடம் கற்றுக்கொள்கின்றனர். வாய் திறக்கக்கூடாது என்பதே அவர்கள் கற்கும் பாடம்.

ஆண் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை என்று எண்ணுவதும் பிழை. பெண் வேடத்தில் வந்து வீடியோ அழைப்பில் சிக்கவைக்கும் கூட்டத்தார் பெரும்பாலும் இளைஞர்களையே குறிவைக்கின்றனர். ஆண் பிள்ளைக்கு அழவும் உரிமையில்லை, அஞ்சவும் உரிமையில்லை என்று வளர்த்திருக்கிறோம். அவன் தகப்பனிடம் சொல்வதைவிடத் தாயின் நகையை எடுத்து விற்பது எளிது என்று எண்ணுகிறான். அதுவும் இயலாதபோது விபரீத முடிவுக்கு மனம் போகிறது.

ஆகவே, பெற்றோர் செய்யத்தக்க முதற் காரியம் செல்போனில் பூட்டுப் போடுவதன்று. ஒரு வாக்குறுதி கொடுப்பதாகும். ‘செல்போனில் உனக்கு எந்தத் தொல்லை நேர்ந்தாலும், நீயே தவறு செய்திருந்தாலும், என்னிடம் வந்து சொன்னால் உன்னை அடிக்கமாட்டேன், படிப்பை நிறுத்தமாட்டேன். முதலில் உன்னைக் காப்பாற்றுவேன், மற்றவற்றைப் பிறகு பேசுவோம்’ என்று தாயும் தகப்பனும் சேர்ந்து, ஆபத்து நேருமுன்பே, பிள்ளையிடம் தெளிவாகக் கூறிவைக்க வேண்டும். சொன்ன வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். சிறு தவறுகளில் பிள்ளை நம்மைச் சோதித்துப் பார்க்கும். உடைந்த பாத்திரத்திற்கே உறுமுகிற தகப்பனிடம் உடைந்த மனத்தைக் கொண்டுவர எந்தப் பிள்ளையும் துணியாது.

இப்படிக் கூறினால் பிள்ளைகள் கெட்டுப்போகமாட்டார்களா, கண்டிப்பு வேண்டாமா என்று சில அங்கத்தினர் கேட்கலாம். கண்டிப்பு வேண்டும். ஆனால் அதற்குரிய இடம் வேறு. இரவு எத்தனை மணிக்குச் செல்போன் ஓய வேண்டும், எந்தச் செயலி வேண்டாம் என்று முன்கூட்டியே விதி வகுத்து அதில் உறுதியாக நிற்பது கண்டிப்பு. அபாயத்தில் சிக்கி ஓடிவரும் பிள்ளையின்மீது பாய்வது கண்டிப்பன்று, கைவிடுவதே ஆகும். கிணற்றில் விழுந்தவனை முதலில் தூக்குவோம். ஏன் விளிம்பில் நடந்தாய் என்று பிறகு கேட்போம்.

சட்டம் தரும் துணை

சொன்ன பிள்ளையைக் காப்பாற்றும் வழி பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மிரட்டல் வந்தால் பணம் கொடுக்கலாகாது. அச்சத்தில் செய்திகளை அழித்துவிடவும் கூடாது. மிரட்டல் செய்திகளையும், அனுப்பியவனின் பெயர், எண் ஆகியவற்றையும் திரைப்படமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, பின்னர் அவனைத் தடுத்துவிட வேண்டும். பிள்ளையின் தகாத படம் இருந்தால் அதை உறவினருக்கோ நண்பருக்கோ, ஆலோசனை கேட்பதற்காகக்கூட, அனுப்பலாகாது. சைபர் குற்றங்களுக்கு 1930 என்ற எண் உண்டு. பணம் போயிருந்தால் எவ்வளவு விரைவில் இவ்வெண்ணில் கூறுகிறோமோ அவ்வளவுக்கு அது தடுத்து நிறுத்தப்பட வாய்ப்பு மிகுதி. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனம் சோர்ந்த பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை கூற 14416 என்ற எண் இயங்குகிறது. மதுரை மாநகரிலும் மாவட்டத்திலும் சைபர் குற்றப் பிரிவுக் காவல் நிலையங்கள் இருக்கின்றன. வெளிநாட்டு அமைப்பு ஒன்று நடத்தும் ‘டேக் இட் டௌன்’ என்ற சேவையும் உண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் படத்தை எவருக்கும் அனுப்பாமலேயே, அதன் அடையாளக் குறியீட்டை மட்டும் உருவாக்கி, அதில் பங்கேற்கும் சமூகத் தளங்களில் அப்படம் பரவாமல் தடுக்க அது இலவசமாக உதவுகிறது.

காவல் நிலையம் என்றவுடன் மானம் போகுமே என்று அஞ்சுவோர் ஒரு விஷயத்தை அறிய வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ பத்திரிகைகள் வெளியிடலாகாது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் அதிகாரியே பெற வேண்டும். அவ்வதிகாரி சீருடையில் இருக்கலாகாது. பெற்றோரோ, குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும். குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இவை சலுகைகள் அல்ல, உரிமைகள். இவற்றை எடுத்துக்கூறிக் கேட்டுப் பெறலாம்.

மற்றொன்றையும் நம் வாலிபர்களுக்குக் கூறியாக வேண்டும். குழந்தைகளை இழிவாகக் காட்டும் படங்களைச் செல்போனில் வைத்திருப்பதும் பார்ப்பதும் குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நண்பர் குழுவில் யாரோ அனுப்பினார் என்று அலட்சியமாக வைத்திருத்தல் ஆபத்து.

வெளிநாடுகளில் சட்டம் இன்னும் ஒரு படி முன்னே சென்றிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூகத் தளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 2025 டிசம்பர் 10-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில், அத்தகைய சட்டத்தை இந்தியாவும் பரிசீலிக்கலாம் என்று நம் மதுரைக் கிளை நீதிபதிகள் மத்திய அரசாங்கத்திற்கு யோசனை கூறினர். ஆஸ்திரேலியச் சட்டத்தில் நான் பெரிதும் மதிப்பது, மீறினால் 4 கோடியே 95 இலட்சம் டாலர் வரை அபராதம் கம்பெனிகளுக்கேயன்றி, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை என்பதாகும். இலாபம் பெறுகிறவரே பொறுப்பும் ஏற்க வேண்டும் என்பது நியாயம். இந்தியாவிலும் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் விவரங்களைப் பெறப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று கூறுகிறது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. இப்பகுதியைச் செயற்படுத்தப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. இவற்றை நாம் வரவேற்கிறோம். எனினும், நடைமுறைக்கு வந்தபோது ஆஸ்திரேலியத் தடைப் பட்டியலில் வாட்ஸ்அப் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. நம் வீடுகளில் ஓயாமல் ஒலிப்பது அதுவேயன்றோ? எந்தச் சட்டமும் வீட்டுத் திண்ணை வரையில்தான் வரும். உள்ளே வந்து பிள்ளையின் அருகில் உட்காராது.

வீட்டில் செய்யத்தக்கவை

பூட்டு முதற் காரியமன்று என்று கூறினேன். ஆனால் பூட்டே வேண்டாம் என்று கூறவில்லை. கூகிளின் ‘ஃபேமிலி லிங்க்’ வழியாகப் பிள்ளையின் செல்போனில் எந்தச் செயலி, எவ்வளவு நேரம் என்று பெற்றோர் வரையறுக்கலாம். ஒரே செல்போன் உள்ள வீடுகளுக்கு மற்றொரு வசதி உண்டு. ஆண்ட்ராய்டு செல்போன்களில் பாதுகாப்பு அமைப்புப் பகுதியில், ஒரு செயலியை மட்டும் திரையில் நிறுத்திவைத்துக் கொடுக்க இயலும். கடவு எண் இன்றி வேறொன்றைத் திறக்க முடியாது. வங்கிப் பரிமாற்றத்திற்குரிய இரகசிய எண்ணைப் பிள்ளைக்கு எக்காரணத்தாலும் கூறலாகாது. விளையாட்டில் துப்பாக்கியும் உடையும் வாங்குவதற்கென்று கூலிப்பணம் கரைந்த வீடுகள் பல. பணம் வைத்து ஆடும் ரம்மி முதலிய ஆட்டங்களில் பதினெட்டு வயதுக்குட்பட்டோரைச் சேர்க்கலாகாது என்று 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் விதி வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் அத்தகைய ஆட்டங்களையே தடை செய்து சட்டம் இயற்றியது. ஆயினும், தகப்பன் பெயரில் உள்ள செல்போனை மகன் எடுத்து ஆடினால் சட்டம் ஏமாந்துபோகும்.

இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் கணக்குத் தொடங்கக் குறைந்தது பதிமூன்று வயது ஆக வேண்டும். பதினெட்டுக்குட்பட்டோருக்குத் தனிப் பாதுகாப்புள்ள கணக்கு முறையை அந்நிறுவனம் 2025 பிப்ரவரி முதல் இந்தியாவில் கொண்டுவந்தது. அதில் முன்பின் அறியாதவர் எளிதில் செய்தி அனுப்ப இயலாது. ஆனால் வயதைக் கூட்டிச் சொல்லிக் கணக்குத் தொடங்கினால் இப்பாதுகாப்பு முழுவதும் போய்விடும். செல்போன் கடைக்காரரோ அண்ணனோ அவசரத்தில் ஏதோ ஓர் ஆண்டைத் தட்டிவிடுவதால் நேரும் தீங்கு இது. இன்றே பார்த்துத் திருத்துங்கள். பெற்றோரும் தம் பெண்களின் படங்களைப் பலரும் காணும்படி ‘ஸ்டேட்டஸ்’ வைக்கும் வழக்கத்தைக் குறைத்துக்கொள்வது நலம்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டிலுள்ள எல்லாச் செல்போன்களும், பெரியவர்களுடையவை உட்பட, கூடத்தில் ஓரிடத்தில் இருக்கட்டும். தகப்பன் படுக்கையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு மகனைக் கண்டித்தால் அக்கண்டிப்பு எடுபடாது.

சங்கம் செய்யத்தக்கவை

இங்கேதான் நம் இயக்கத்தின் கடமை தொடங்குகிறது. ஒரு வீடு தனியாக விதி வகுத்தால், ‘அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இருக்கிறதே’ என்ற ஒரே வாதத்தில் அவ்விதி தோற்றுவிடுகிறது. தெரு முழுவதும் ஒரே விதி என்றால் அந்த வாதத்திற்கே இடமில்லை. தனியொருவன் கூலி கேட்டால் மறுப்பார்கள், எல்லாரும் சேர்ந்து கேட்டால் கொடுப்பார்கள் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அல்லவா நாம்? ஆகையால் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் பரிசீலனைக்கு மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, பிள்ளைக்குத் தனிச் செல்போன் எந்த வகுப்பில் வாங்கித் தருவது, இரவில் எத்தனை மணிக்கு ஓய்வு என்பவற்றை அங்கத்தினர் குடும்பங்கள் கூடிப்பேசி ஒரே தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். பத்தாம் வகுப்பு முடியும் வரை தனிச் செல்போன் வேண்டாம் என்பது என் கருத்து. கூட்டம் வேறு விதமாகத் தீர்மானித்தாலும் சரியே. எல்லாரும் ஒன்றாக நிற்பதுதான் முக்கியம்.

இரண்டாவது, தன் பெற்றோரிடமே சொல்ல அஞ்சும் பிள்ளை அணுகுவதற்கு, சங்கத்தின் சார்பில் நம்பிக்கைக்குரிய ஒரு பெண்மணியையும் ஓர் ஆண்மகனையும் நியமிக்க வேண்டும். ஊர்ப்பேச்சுக்கு இடந்தராத, நிதானமான மனம் படைத்தோரே இதற்கு ஏற்றவர். விசாரணை செய்வதோ தீர்ப்புக் கூறுவதோ அவர்கள் வேலையன்று. பிள்ளைக்குத் துணையாகப் பெற்றோரிடம் பேசுவதும், 1930-க்கோ 1098-க்கோ புகார் செய்ய உடனிருந்து உதவுவதுமே அவர்கள் வேலை. குற்றத்தை ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி மூடிவிடும் வழக்கத்திற்கு அவர்கள் உடன்படலாகாது. போக்சோ சட்டப்படி குற்றத்தை அறிந்தவர் தெரிவிக்க வேண்டியது கடமை.

மூன்றாவது, அங்கத்தினர்களில் செல்போன் நுட்பம் அறியாதோர் பலர். படித்த நம் பிள்ளைகளையே ஆசிரியராகக் கொண்டு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்தில், மேற்கூறிய பூட்டுகளை ஒவ்வொருவர் செல்போனிலும் அமைத்துத் தரலாம். சைபர் குற்றப் பிரிவினரையும் பள்ளி ஆசிரியர்களையும் அழைத்துப் பேசச் செய்யலாம். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

பாவில் ஓர் இழை அறுந்தால் உடனே தறியை நிறுத்திப் பிணைத்துவிட்டே மேலே நெய்கிறோம். கூலி குறையுமே என்று எண்ணி ஓட்டிச் சென்றால் துணி முழுவதும் பழுதாகும் என்பதை நாம் அறிவோம். இன்றிரவு கால்மணி நேரம் தறியை நிறுத்தி, பிள்ளையை அருகில் அமர்த்தி, அடிக்கமாட்டேன் என்ற அந்த ஒரு வாக்குறுதியைக் கொடுங்கள். பிறகு பொதுக்குழுவில் கூடித் தீர்மானம் செய்வோம்.